காங்கேசன்துறைத் தேர்தற்றொகுதியும் அதன் தேர்தல்களும்

இலங்கையின் அரசியல் வரலாற்றை ஆராய்வோர் அரசியற்றிட்டங்களையும், ஒப்பந்தங்களையும், தலைவர்களது பேச்சுக்களையும் விரிவாக எடுத்துரைப்பர். தேர்தற்றொகுதி என்னும் சிறு நிலப்பரப்பினை அவர்கள் அத்துணைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின் ஒரு நாட்டின் பெரும் பிரச்சினைகள் யாவும் இறுதியில் ஏதோவொரு பாடசாலை மண்டபத்தில், வாக்குச் சீட்டும் பென்சிலும் கையிற் கொண்டு நிற்கும் ஒருவன் முன்னர் வந்து நிற்றல் வேண்டும். அவ்வாறு நின்ற வினாக்கள் எவை, அவற்றிற்கு மக்கள் அளித்த விடைகள் எவை என்பதைக் காண்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள காங்கேசன்துறைத் தொகுதியைப் போல் ஏற்றது வேறொன்றில்லை.

இத்தொகுதியின் இயல்பினை முதலில் நோக்குவோம். யாழ்ப்பாணப் பட்டினத்திற்கு வடக்கே, புகையிரதப் பாதையின் கடைசித் தரிப்பிடமாக அமைந்தது காங்கேசன்துறை. 1905 ஆம் ஆண்டில் கொழும்புடன் இப்பாதை இணைக்கப்பட்டபின், தெல்லிப்பழை முதலிய ஊர்களிற் பிறந்தோர் பட்டினத்திலும் தலைநகரிலும் உத்தியோகம் பார்த்து, இளைப்பாறிய பின் ஊருக்கே மீளும் வழக்கம் நிலைபெற்றது. செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்வோர், மயிலிட்டிக் கரையில் மீன்பிடித்தொழில் புரிவோர், ஆசிரியர், இலிகிதர், பென்சன்காரர், பிற்காலத்திற் சீமேந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர் என வாக்காளர் பல திறத்தினர். கீரிமலை நகுலேஸ்வரமும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் இப்பகுதியிலேயே உள்ளன. பெரும்பான்மையோர் சைவர். அவர்கள் தம் பிரதிநிதியாக ஏழு முறை தெரிவு செய்தவர் கிறித்தவராகிய சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள்.

காங்கேசன்துறை என்னும் பெயர் தேர்தல் வரலாற்றில் இடம்பெற்றது ஒரு வெற்றிடமாகவே. டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி 1931 இல் வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. ஆயின் அத்திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லையென யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. முதன்முறையாக வாக்குரிமை பெற்ற மக்கள் அதனை உபயோகிக்குமுன் மூன்றாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1934 இல் நடைபெற்ற தேர்தலிலே காங்கேசன்துறைக்கு அரசாங்க சபை உறுப்பினராகத் தெரிவானவர் சு. நடேசபிள்ளை அவர்கள். தேர்தற் பத்திரங்களில் இவர் பெயர் நடேசன் எனக் காணப்படும். சேர். பொன். இராமநாதனின் மருகரும், பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபருமாய் விளங்கிய இவர் வடமொழி தென்மொழிப் புலமை வாய்ந்தவர். 1936 இலும் இவரே தெரிவானார். அக்காலத்துத் தேர்தலிற் கட்சி என்பது பெயரளவிலேயே இருந்தது. கல்வியும் குடிப்பிறப்பும் கோயில் தொண்டும் பிரதிநிதியைத் தீர்மானித்தன.

சோல்பரி அரசியற்றிட்டத்தின் கீழ் 1946 இல் எல்லைகள் மீண்டும் வகுக்கப்பட்டன. 75,000 குடிகளுக்கு ஒரு பிரதிநிதி என்பதோடு, ஆயிரம் சதுர மைல் பரப்பிற்கும் ஒரு பிரதிநிதி என்னும் விதி சேர்க்கப்பட்டமையால் வட மாகாணத்திற்கு ஒன்பது ஆசனங்கள் கிடைத்தன. அவற்றுள் ஏழு குடாநாட்டுக்குரியவை. பாராளுமன்றம் இரு சபைகளைக் கொண்டது. மேற்சபையாகிய செனற் சபையின் முப்பது உறுப்பினருள் பதினைவரைக் கீழ்ச்சபையார் தெரிவு செய்வர்; ஏனைப் பதினைவரை மகாதேசாதிபதி நியமிப்பார். எனவே செனற்றருக்குத் தொகுதியென ஒன்றில்லை. அவர் எவ்வூரின் வாக்காளர் முன்னும் சென்று நிற்கவேண்டியவருமல்லர். அமெரிக்க மாநிலங்களிலே செனற் சபைக்கும் தனித்தனித் தொகுதிகள் உண்டு. நமது நாட்டில் அவ்வழக்கம் என்றும் இருந்ததில்லை. 1971 இல் இச்சபை ஒழிக்கப்பட்டது. இவ்வாறு, மக்கள் நேரே தீர்ப்பளிக்கும் இடமாக இருந்தது கீழ்ச்சபைத் தொகுதி ஒன்றே என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1947 தேர்தலில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் அபேட்சகராகக் காங்கேசன்துறையில் நின்று வென்றார் செல்வநாயகம். 1898 இல் மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்து, தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிற் பயின்று, கொழும்பிற் சிவில் வழக்குகளிற் பெயர் பெற்ற நியாயவாதியாய்த் திகழ்ந்தவர் அவர். மேடையில் முழங்கும் ஆற்றல் அவரிடம் இல்லை, குரலும் மெலிந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் நாவன்மைக்கு அருகே அவர் நிழல் போலவே தோன்றினார்.

மறு ஆண்டிலேயே பிளவு நேர்ந்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலைநாட்டுத் தோட்டத் தமிழர்களை வாக்காளர் இடாப்பினின்றும் அகற்றின. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் 1952 இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. பொன்னம்பலம் 1948 இல் டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரி சபையிற் கைத்தொழில் மந்திரியாகச் சேர்ந்தார். செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் ஆகியோர் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தாபித்தனர்.

1952 மே மாதத் தேர்தலை நாம் சற்று நிதானித்து நோக்குதல் தகும். இத்தொகுதியின் வரலாற்றில் அதுவே மிகக் குறைவாக ஆராயப்பட்ட அத்தியாயம். தமிழரசுக் கட்சியின் தலைவர் தம் சொந்தத் தொகுதியிலே தோற்றார். ஐக்கிய தேசியக் கட்சியின் அபேட்சகராகிய நடேசபிள்ளைக்கு 15,337 வாக்குகளும், செல்வநாயகத்துக்கு 11,571 வாக்குகளும் கிடைத்தன. வேறுபாடு 3,766. கட்சி முழுவதிலும் வென்றவர் இருவரே: கோப்பாயில் வன்னியசிங்கம், திருகோணமலையில் என். ஆர். இராசவரோதயம்.

இத்தோல்விக்குக் காரணம் யாது? பிற்காலத்தில் எழுதியோர் சிலர், மக்கள் அன்று விழிப்படையவில்லை என எளிதிற் கூறிச் செல்வர். அஃது ஏற்புடைத்தன்று. காங்கேசன்துறை வாக்காளன் முன் அன்று நின்ற வினா மிகக் கடினமானது. அவன் கண்முன்னே 1950 முதல் சீமேந்துத் தொழிற்சாலை புகைந்துகொண்டிருந்தது. அவ்வூர்ச் சுண்ணாம்புக் கல்லே அதன் மூலப்பொருள். அவ்வூர் இளைஞர்க்கு அங்கே வேலை கிடைத்தது. அதனைக் கொணர்ந்த பெருமையைக் கைத்தொழில் மந்திரி பொன்னம்பலம் உரிமை கோரினார். மந்திரி சபையோடு ஒத்துழைப்பதன் பயன் கல்லும் இரும்புமாய்க் காணக் கிடந்தது. மறுபுறத்தே செல்வநாயகம் கேட்டதோ, பல மைல்களுக்கு அப்பால் மலைச்சாரலிற் கொழுந்து கொய்யும் ஒருத்தியின் பறிபோன வாக்கினை நினைந்து உன் வாக்கினை இடுக என்பது. யாழ்ப்பாணத்து வேளாளக் குடும்பமொன்றிற்குத் தோட்டத் தொழிலாளரோடு கொண்டாட்டமும் இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை. அந்நிலையிலும் 11,571 பேர் அவருக்கு வாக்களித்தனர். தோல்வியைக் காட்டிலும் இவ்வெண்ணிக்கையே எமக்கு வியப்பளிக்கின்றது. தமக்கு யாதொரு நட்டமும் நேராத ஒரு விடயத்திற்காக, கண்முன் நின்ற இலாபத்தையும் பொருட்படுத்தாது வாக்களித்தோர் அத்தொகையினர்.

நான்கு ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. நடேசபிள்ளை கொத்தலாவலையின் மந்திரி சபையில் இடம்பெற்றுத் தபால், ஒலிபரப்புத் துறைகளைப் பொறுப்பேற்றார். ஆயின் 1956 பெப்ரவரியிற் களனியிற் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி மாநாடு சிங்களம் மட்டுமே அரசகரும மொழியெனத் தீர்மானித்தது. குடாநாட்டில் அக்கட்சியின் அடித்தளம் ஒருநாளிற் பெயர்ந்து போயிற்று. மலைநாட்டுத் தமிழனுக்கு 1948 இல் நேர்ந்தது யாழ்ப்பாணத்து இலிகிதனுக்கும் ஆசிரியனுக்கும் வேறு வடிவில் நேரப் போகின்றது என்பது புலனாயிற்று. மொழி போனால் உத்தியோகம் போம். உத்தியோகம் போனால் தெல்லிப்பழைக்கு மாதந்தோறும் வரும் காசுக்கட்டளை போம். 1956 ஏப்ரலிற் செல்வநாயகம் மீண்டும் வென்றார். தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது. கொள்கை வென்றது என்பாரும் உளர், பிழைப்பு வென்றது என்பாரும் உளர். இரண்டும் ஒரே திசையில் இழுத்தன என்பதே பொருந்தும்.

அதன்பின் 1960 மார்ச், 1960 யூலை, 1965 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவரே தெரிவானார். 1959 எல்லை நிர்ணயத்தில் உடுவில், நல்லூர், உடுப்பிட்டி எனப் புதிய தொகுதிகள் தோன்றியமையால் குடாநாட்டின் ஆசனங்கள் ஏழிலிருந்து பத்தாயின. வாக்களிக்கும் வயது 21 இலிருந்து 18 ஆகக் குறைந்தது. பண்டாரநாயக்கா செல்வநாயகம் ஒப்பந்தம் 1957 இல் எழுதப்பட்டு 1958 இற் கிழிக்கப்பட்டதும், 1961 இற் கச்சேரி வாயிலில் நடந்த சத்தியாக்கிரகமும், 1965 இல் டட்லி சேனநாயக்காவோடு செய்த உடன்பாடும் யாவரும் அறிந்தவை. அவற்றை இங்கு விரித்தல் வேண்டா.

1970 தேர்தலே மறுபடியும் நம் கவனத்துக்குரியது. இதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் எழுந்தது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் கோயிலினுட் சென்று வழிபட உரிமை கோரி வாயிலில் அமர்ந்தனர். முன்னாள் மந்திரியும் கணிதப் பேராசிரியருமாகிய சி. சுந்தரலிங்கம் அவர்களைத் தடுக்க முன்னின்றார். தொகுதியின் பிரதிநிதியும் அவரது கட்சியும் இவ்விடயத்திலே தெளிவாகவும் விரைவாகவும் ஒரு பக்கம் நிற்கவில்லை. அரசாங்கத்திடம் சம உரிமை கேட்ட குரல், சொந்தத் தொகுதியின் கோயில் வாயிலில் ஏன் தாழ்ந்து ஒலித்தது என்னும் வினாவிற்குத் தக்க விடை இதுகாறும் கிடைத்திலது. 1970 இல் இருபுறத்தினின்றும் எதிர்ப்பு வந்தது. ஒருபுறம் சுந்தரலிங்கம் தாமே அபேட்சகராக நின்றார். மறுபுறம் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் நின்றார். தமிழ்க் காங்கிரஸும் ஒருவரை நிறுத்தியது. செல்வநாயகம் 13,520 வாக்குகளுடன் வென்றார். எனினும் அளிக்கப்பட்ட வாக்குகளில் அஃது அரைவாசிக்கும் குறைந்தது. வி. பொன்னம்பலத்திற்கு 8,164 வாக்குகள் கிடைத்தன. அவ்வாண்டிலேயே வட்டுக்கோட்டையில் அ. அமிர்தலிங்கமும், நல்லூரில் நாகநாதனும், யாழ்ப்பாணத்திற் பொன்னம்பலமும், உடுப்பிட்டியில் மு. சிவசிதம்பரமும் தோற்றனர். பெருந்தலைவர் பலரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய வாக்காளர்களை, தலைவர் சொற்படி ஆடுவோர் என இழித்துரைத்தல் ஒவ்வாது.

1972 மே 22 ஆந் திகதி குடியரசு அரசியற்றிட்டம் நடைமுறைக்கு வந்தது. சிங்களம் அரசகரும மொழியென்பது அரசியற்றிட்டத்திலேயே பொறிக்கப்பட்டது. பௌத்தத்திற்கு முதன்மை இடம் தரப்பட்டது. சிறுபான்மையோர்க்குக் காப்பெனக் கருதப்பட்ட சோல்பரித் திட்டத்தின் 29 ஆம் பிரிவு மறைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 3 ஆந் திகதி செல்வநாயகம் தேசிய அரசுப் பேரவையில் எழுந்து தமது ஆசனத்தை இராசினாமாச் செய்தார். இவ்வரசியற்றிட்டத்தைத் தமிழ் மக்கள் ஏற்கின்றனர் என அரசாங்கம் கருதுமாயின், காங்கேசன்துறையில் அதனை முன்வைத்துப் போட்டியிட்டு மக்கள் தீர்ப்பை அறியலாம் என்பது அவர் விடுத்த அறைகூவல். அவருக்கு அப்போது வயது 74, உடல் தளர்ந்திருந்தது.

சாதாரணமாகச் சில மாதங்களுள் நடைபெற வேண்டிய இடைத்தேர்தல் இரண்டாண்டுகளும் நான்கு மாதங்களும் நடைபெறவில்லை. அக்காலம் முழுவதும் அத்தொகுதிக்குப் பிரதிநிதி இல்லை. 1931 இன் வெற்றிடம் மக்கள் தாமே விரும்பி ஏற்றது. இவ்வெற்றிடமோ அவர்கள்மேற் சுமத்தப்பட்டது. இதற்கிடையே பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் வந்தது. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மகாநாட்டின் இறுதி நாளில் உயிர்கள் பறிபோயின. 1970 இல் வாக்களிக்கும் வயதடையாத பிள்ளைகள் 1975 இல் வாக்காளராகி வரிசையில் நின்றனர். தேர்தலை ஒத்திவைத்தோர் அதன் சூடு தணியும் எனக் கருதினர் போலும். நிகழ்ந்தது நேர்மாறு.

1975 பெப்ரவரி 6 இல் வாக்கெடுப்பு நடந்தது. செல்வநாயகம் 25,927, வி. பொன்னம்பலம் 9,457, மூன்றாம் அபேட்சகர் 185. நூற்றுக்கு எழுபத்துமூன்று அளவான வாக்குகள் செல்வநாயகத்துக்கு. ஐந்தாண்டுகளில் அவருடைய வாக்குகள் ஏறத்தாழ இருமடங்காயின. தமிழ்க் காங்கிரஸ் இம்முறை எதிரே நிற்கவில்லை. தமிழர் கூட்டணியாக ஒன்றுபட்டு நின்றது. 1970 இல் நான்காய்ப் பிரிந்தவை இரண்டாய்த் திரண்டன.

வெற்றியின் பின், இத்தீர்ப்பினைத் தமிழ் ஈழ மக்கள் தம் இறைமையை மீட்டு விடுதலையடைவதற்கு வழங்கிய ஆணையாகத் தாம் கொள்வதாக அவர் அறிவித்தார். அடுத்த ஆண்டு மே 14 இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. இங்கேதான் வரலாற்று மாணவன் சற்றுத் தயங்க வேண்டியவனாகின்றான். முப்பத்தையாயிரம் பேர் வாக்களித்த ஒரு தொகுதி, ஓர் இனம் முழுவதற்குமாகத் தீர்ப்புரைக்க வல்லதா? கிழக்கு மாகாணத்தவரிடம் அன்று எவரும் கேட்கவில்லை. எவர்பொருட்டு இக்கட்சி 1949 இற் பிறந்ததோ அம்மலைநாட்டு மக்களுட் பெரும்பாலோர்க்கு அன்றும் வாக்கில்லை. மேலும், 1970 இல் 8,164 ஆக இருந்த வி. பொன்னம்பலத்தின் வாக்குகள் 1975 இற் குறையவில்லை. 9,457 ஆக உயர்ந்தன. கோயில் வாயிலில் நின்றோரை நினைந்து வாக்களித்தோரும், தொழிற்சாலைத் தொழிலாளரும் அவர்களுட் கணிசமாக இருந்திருத்தல் கூடும். இத்தொகையினரை வெற்றி முழக்கத்திடையே மறந்துவிடல் நீதியன்று. (பின்னாளில் வி. பொன்னம்பலமும் தமது கட்சியை விட்டு நீங்கிச் செந்தமிழர் இயக்கம் கண்டார் என்பதும் குறிப்பிடற்பாலது.)

ஆயினும் மறுபக்கத்தையும் கூறல் வேண்டும். ஒரு சிறு தொகுதிக்கு இத்துணைக் கனத்தை ஏற்றியவர் செல்வநாயகம் மாத்திரமல்லர். அறைகூவலுக்கு உடனே முகங்கொடுத்திருந்தால் அஃது ஓர் இடைத்தேர்தலாகவே முடிந்திருக்கும். இருபத்தெட்டு மாதங்கள் அஞ்சி ஒத்திவைத்தமையால் அதனைச் சர்வசன வாக்கெடுப்பாக உயர்த்தியது அரசாங்கமே. வேறெவ்வழியிலும் தம் கருத்தைக் கேளாத ஓர் ஆட்சியிடம், கேட்கப்பட்ட ஒரே இடத்தில் மக்கள் உரக்க விடை கூறினர்.

1977 ஏப்ரல் 26 இற் செல்வநாயகம் காலமானார். யூலை 21 இல் நடந்த பொதுத்தேர்தலிலே, வட்டுக்கோட்டையில் 1970 இல் தோற்ற அமிர்தலிங்கம் காங்கேசன்துறையில் நின்று 31,155 வாக்குகள் பெற்று எதிர்க்கட்சித் தலைவரானார். தனியாள் தொகுதியாகக் காங்கேசன்துறை கண்ட கடைசிப் பொதுத்தேர்தல் அதுவே. 1982 டிசம்பரிற் பாராளுமன்றத்தின் ஆயுள் சர்வசன வாக்கெடுப்பால் நீடிக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டம் பெரும்பான்மையாக அதனை மறுத்தும் பயனில்லை. 1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம் பிரிவினையை நாடாமைக்குச் சத்தியம் கேட்டது. கூட்டணி உறுப்பினர் மறுத்து ஆசனங்களை இழந்தனர்.

1978 அரசியற்றிட்டம் புகுத்திய விகிதாசார முறையிலே, 1989 முதல் காங்கேசன்துறை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துள் ஒரு வாக்கெடுப்புப் பிரிவாயிற்று. உறுப்பினர் ஒருவர் விலகின் அவர் கட்சிப் பட்டியலில் அடுத்தவர் அவ்விடத்தைப் பெறுவார். மக்களிடம் மீளச் செல்ல வேண்டியதில்லை. 1972 இற் செல்வநாயகம் செய்ததை இன்று எவரும் செய்ய முடியாது. விகிதாசார முறை சிறு கட்சிகளுக்கு நியாயம் செய்வது என்பது மெய்யே. 1970 இல் அம்முறை இருந்திருப்பின் பலவாய்ச் சிதறிய வாக்குகளுக்கும் பயன் கிட்டியிருக்கும். ஆயின் அதன் மறுபுறத்தை 1994 காட்டியது. போரின் காரணமாகத் தீவுப்பகுதியிலேயே பெரும்பாலும் வாக்களிப்பு நிகழ்ந்த அத்தேர்தலில், 10,744 வாக்குகள் பெற்ற ஒரு குழு யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. 1952 இல் 11,571 வாக்குகள் ஒருவருக்கு ஓர் ஆசனத்தையும் பெற்றுத் தரவில்லை.

அந்த 1994 இற் காங்கேசன்துறையில் வாக்காளரே இல்லை. 1990 யூனிற் போர் மீண்டபோது காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, மாவிட்டபுரம், தெல்லிப்பழை முதலிய ஊர்களின் மக்கள் வெளியேறினர். சீமேந்துத் தொழிற்சாலை நின்றது. அவர்தம் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. வாக்காளர் இடாப்பில் ஊரும் பெயரும் இருந்தன. பெயருக்குரியோர் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும், கடல் கடந்தும் இருந்தனர். பின்னாளைய தேர்தல்களில் அவர்கள் பிறர் ஊர்ப் பாடசாலைகளிற் சென்று தம் ஊரின் பெயரால் வாக்களித்தனர். 2015 ஜனவரியிற் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைவரை ஓடியது. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீண்டது. ஏனைய காணிகளும் பகுதி பகுதியாக விடப்பட்டன. மீண்டோர் பலர் கண்டது வீட்டின் அத்திவாரத்தையும் கிணற்றையுமே. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஊரைக் காணாதிருந்தும் இடாப்பிலிருந்து தம் பெயரை ஆண்டுதோறும் விடாது பதிந்து வந்தோர் அவர்களுள் இருந்தனர்.